கத்திரிப்பூச் சேலையில் இஹ்ராம்

மலாய் நாட்டுக் கோத்தா திங்கி சந்தையில் செய்யதம்மாளிடம் மசாலா வாங்கித் தின்றவர்களில் நானும் ஒருவன். சொந்தமில்லை, வேண்டியவனும் இல்லை. அதனால் அவளைப் பற்றி எழுத யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண். கணவன் இங்கே ஆற்றில் ரப்பர் ஏற்றும் படகில் வேலை பார்த்து, மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கையில் தவழும் பிள்ளை. கணவனுக்காகத் துக்கம் காத்து இத்தா இருக்கும்போது உடுத்திய வெள்ளைச் சேலையை, இத்தா முடிந்த பிறகும் மாற்ற விடவில்லை. மார்க்கம் விதவைக்குச் சொன்னது நாலு மாதமும் பத்து நாளும்தான். நம் ஆட்கள் அதை ஆயுள் தண்டனை ஆக்கிவிட்டார்கள்.

அவள் செய்த தொழிலோ மசாலா அரைப்பது. மஞ்சளும் மிளகாயும் அரைக்கிறவளுக்கு வெள்ளைச் சேலை! இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா? மத்தியானத்துக்குள் முந்தானை மஞ்சளாகிவிடும். "விதவைக்கு மஞ்சள் என்ன கேடு" என்று முணுமுணுப்பவர்கள் அந்த மஞ்சளில்தான் குழம்பு வைத்துத் தின்றார்கள். அவள் சாயங்காலம் ஆற்றங்கரையில் சேலையை அடித்து அடித்து வெளுப்பாள். அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் துணியை மட்டும் அடிப்பதாகத் தோன்றாது.

மகன் பக்கீர் முகைதீன் வளர்ந்து ஜவுளிக்கடை வைத்தான். தோட்டத்துப் பெண்கள் வந்தால் சிவப்பும் பச்சையும் விரித்துப் போட்டு, "அக்கா, இது ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று குழைவான். பெற்றவளுக்கு மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் கரையில்லாத வெள்ளை. அவன் கெட்டவன் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவனுக்கு முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

1927இல் தாயும் மகனும் ஹஜ்ஜுக்குப் புறப்படுவதாக முடிவானது. மகன் துணைக்கு வந்தால்தான் அவள் போக முடியும். பள்ளிவாசலில் மலாய் லெபை ஒருவர் ஹஜ் முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். ஹஜ் விரதமான இஹ்ராம் கட்டினால் ஆணுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி, தலையில் எதுவும் கூடாது. பெண் தலையை மூட வேண்டும், முகத்தை மூடக்கூடாது. மற்றபடி வழக்கமான உடுப்பே போதும். நகம் வெட்டக்கூடாது, வாசனை பூசக்கூடாது, சண்டை சச்சரவு அறவே கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து செய்யதம்மாளின் குரல் வந்தது.

"துவான், பெரம்புவான் வார்ணா அபா?"

பெண்ணுக்கு என்ன நிறம் என்று கேட்கிறாள். லெபை யோசிக்கவே இல்லை. "அபா வார்ணா பூன் போலே." எந்த நிறமும் ஆகலாம்.

அன்று இரவே வீட்டில் பேச்சு வெடித்தது.

"நான் கலர்ச் சேலையிலதான் இஹ்ராம் கட்டப் போறேன்" என்றாள்.

"அம்மா, ஒங்களுக்குப் புத்தி பெசகிப் போச்சா? நம்மூரு ஆளுங்க கப்பல் பூரா வர்றாங்க. வெள்ளையில வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா நான் வரல. நீங்களும் போக முடியாது."

அவள் பதில் சொல்லவில்லை. பக்கீர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். வாழ்நாள் முழுக்க அவளோடு இருந்தவன் இப்படி ஒரு தப்புக் கணக்குப் போடலாமா!

மறுவாரம் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி பேச்சியம்மாள் அவன் கடைக்கு வந்தாள். செய்யதம்மாளிடம் மசாலா வாங்குகிறவள். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். "ஒங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்று பக்கீர் தன் கையாலேயே மடித்துக் கொடுத்தான். அந்தச் சேலை நேராகச் சந்தைக்குப் போய், செய்யதம்மாள் பயணத்துக்குக் கட்டிவைத்த அரிசி மூட்டைக்குள் இறங்கியது. அதே துணியில் நீளக்கை ரவிக்கையும் தைத்தாயிற்று.

சிங்கப்பூரில் கப்பலேறும்போது அவள் வெள்ளையில்தான் இருந்தாள். பக்கீருக்கு முகமெல்லாம் பெருமை.

செங்கடலில் இஹ்ராம் கட்டும் எல்லை நெருங்கியதும் கப்பல் ஊதியது. ஆண்கள் குளித்து, துண்டை உடுத்தி, போர்த்தி, வெறுந்தலையோடு நின்றார்கள். கோத்தா திங்கி முதலாளி யார், மூட்டை தூக்கியவன் யார் என்று அடையாளம் தெரியவில்லை. பெண்கள் பகுதியில் செய்யதம்மாள் குளித்துத் தயாராகி, தட்டிமறைவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாக் குரலுக்கும் நடுவில் மகன் குரலுக்காகக் காத்திருந்தாள். "லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்", வந்துவிட்டேன் இறைவா, வந்துவிட்டேன் என்று பக்கீர் சொன்னது காதில் விழுந்தது. அவன் இஹ்ராமுக்குள் போய்விட்டான். அதற்கப்புறம்தான் அவள் மனதில் உறுதி எடுத்து, நிய்யத்து வைத்து, லப்பைக் சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.

கத்திரிப்பூச் சேலை. தலையைச் சுற்றி இறுக்கிய முக்காடு. திறந்த முகம்.

பக்கீரின் வாய் திறந்தது. அவன் கடைச் சேலை என்று அவனுக்கா தெரியாது? "அம்மா, இது என்ன..." என்று ஆரம்பித்தவனை அவள் விரலை உயர்த்தி நிறுத்தினாள்.

"இஹ்ராம்ல இருக்கே. சண்டை கூடாது. லெபை சொன்னப்ப முன்னால ஒக்காந்து தலையாட்டினது நீதானே?"

பக்கத்தில் இருந்த மூவார்க்காரக் கிழவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "சாபார், சாபார்" என்றார். பொறுமை, பொறுமை. பாவம், பக்கீர் கோபத்தை விழுங்கிவிட்டு லப்பைக் சொன்னான். இவ்வளவு ஆவேசமாக லப்பைக் சொன்ன ஹாஜி அந்தக் கப்பலில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

ஹஜ் முடியும் தறுவாயில் மினாவில் தலை மழித்து, இஹ்ராம் துணியைக் களைந்து சட்டை மாட்டியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஊருக்குப் போகும்போது வெள்ளை" என்பதுதான். அவள் அப்போதும் பேசவில்லை.

கோத்தா திங்கியில் ஹாஜிகளை வரவேற்க ஜமாத்தே கூடி நின்றது. காரிலிருந்து கத்திரிப்பூச் சேலை இறங்கியது. கூட்டத்துக் கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பக்கீர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதான் இஹ்ராம் முடிஞ்சிருச்சே. கழட்டித் தொலைங்களேன்" என்றான்.

இந்த முறை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். இருபது வருஷம் துணியில் அடித்ததையெல்லாம் வார்த்தையில் அடித்தாள்.

"ஆம்பளைங்களுக்கு இஹ்ராம் துணின்னு தனியா இருந்துச்சு, கழட்டிட்டீங்க. பொம்பளைக்கு அப்படி ஒண்ணு கெடையாது. அல்லா வீட்டு வாசல்ல எந்தத் துணியோட நின்னேனோ, அதே துணியோட நிக்கிறேன். அவனே ஒண்ணும் சொல்லல. நீங்க யாருடா சொல்ல? வெள்ளை எனக்கு ஒரு நாள் வரும். அன்னைக்கு நீங்களா உடுத்துங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது வரைக்கும் என் சேலையில கை வைக்காதீங்க."

யாரும் வைக்கவில்லை. மறுநாள் சந்தையில் பச்சைச் சேலை கட்டி மசாலா அரைத்தாள். மஞ்சள் பட்டாலும் தெரியவில்லை. ஜமாத்தில் சிலர் அவளிடம் மசாலா வாங்குவதை நிறுத்தினார்கள். குழம்பு ருசிக்காமல் திரும்பி வந்தார்கள்.

பத்து வருஷம் வர்ணத்திலேயே இருந்து ஒரு மழைக்காலத்தில் மவுத்தானாள். உடலைப் பொதியும் கஃபனுக்குப் பக்கீர்தான் தன் கடையிலிருந்து வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு வந்தான். குளிப்பாட்டிய பெண்கள் உடுத்தி முடித்து, முகம் பார்க்க அவனைக் கூப்பிட்டார்கள். பார்த்துக்கொண்டே நின்றவன் சிறுபிள்ளை மாதிரி உடைந்து அழுதான்.

"ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்களே" என்றான்.