பாக்கெட் சாம்பாரும் பாத்திரம் கழுவும் ஆளும்

இன்று காலை படப்பை மளிகைக் கடையில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே வாடகை அறை.

அறையிலுள்ள நால்வரும் முறை வைத்துச் சமைக்கிறார்களாம். இன்று முத்துவின் முறை. அவன் கை நேராக ரெடிமேட் சாம்பார் பாக்கெட்டுக்குப் போனது.

"இன்னாடா, இன்னிக்கும் பாக்கெட்டா? இனிமே உனக்குச் சேத்து உலை வெக்க மாட்டோம். தனியா துன்னு" என்றான் கூட வந்த குமார்.

முத்துவின் முகம் வாடிவிட்டது. "எனக்குச் சமைக்க வரலேன்னா என்னல செய்ய?"

பாடம் நடத்திப் பழகிய வாய், ஓய்வு பெற்றாலும் சும்மா இருக்குமா? "தம்பி, இதே காசுக்குப் பருப்பும் தக்காளியும் வாங்கினால் நாலு பேர் சாப்பிட்டு ராத்திரிக்கும் மிஞ்சும்" என்றேன்.

"சரிதாம்மா. குக்கரை யாரு கழுவறது? ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா அதான் பெரிய ரோதனையா கீது" என்றான் குமார்.

"நான் கழுவுதேன். எல்லார் முறைக்கும் நானே கழுவுதேன்" என்றான் முத்து.

குமார் பாக்கெட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்தான். "மச்சான், இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? உன் முறைக்கும் நானே சமைக்கிறேன்!"

வீட்டுச் சமையல்தான் மலிவு என்று இப்போதும் அடித்துச் சொல்வேன். கழுவ ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் அந்த முத்து யார்?