யானைக்கு வந்த தணிக்கைத் தடை

அரசு அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கப் போடிக்கு வந்த அந்தத் தணிக்கை அதிகாரியின் சட்டையில் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. ஏலக்காய் போட்ட டீயைத் தொடமாட்டார். ஊரே ஏலம் மணக்க, அவருக்கு மட்டும் அது லஞ்ச வாடை.

தேவாரம் மலையடியில் யானை வராமலிருக்க வெட்டியதாகக் கணக்கிலுள்ள அகழியைக் காணவில்லை, செலவை ஏற்க முடியாது என்று தணிக்கைத் தடை எழுதிவிட்டார். அதனால், அந்தச் செலவுக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற எழுத்தரின் பென்சன் நின்றுபோனது. இடத்தை நேரில் காட்ட, இருவரையும் என் வாடகை ஜீப்பில் கூட்டிப்போனேன்.

"யானைதான் மண்ணைத் தள்ளி மூடிருச்சுங்கய்யா," என்றார் எழுத்தர்.

"யார்கிட்ட அனுமதி வாங்கி மூடுச்சு?"

அப்போது, நனைந்த பாறையொன்று நடக்கத் தொடங்கியதுபோல ஒற்றை யானை இறங்கி, அகழி இருந்த இடத்தை நிதானமாகக் கடந்து எங்களை நோக்கி வந்தது. ஜீப்புக்குள் பாய்ந்தோம்.

"அண்ணே, வெரசா எடுங்க!" என்று அலறிய எழுத்தருக்குத் தார்ரோடு வந்ததும் முகம் மலர்ந்தது. "ஐயா, நீங்களே கண்ணால பாத்துட்டீக. இனி தடையை எடுத்துருங்க."

"யானையைப் பார்த்தேன். மூடினது இந்த யானைதான்னு எப்படி எழுதுறது?"

சிரிப்பில்லாமல்தான் கேட்டார். ஆனால் ஜீப்புக்குள் பாய்ந்ததிலிருந்து எழுத்தரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். தடையையும் விடவில்லை, போடி வரும்வரை அந்தக் கையையும் விடவில்லை. இரண்டில் எது அவர் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.