இரண்டாம் சனிக்கிழமைச் சந்திப்பு

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. நாங்கள் தத்து எடுக்கவில்லை. பெற்றவளால் முடியாத காலத்தில் இன்னொரு குடும்பம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கோயம்புத்தூரிலிருந்து வந்து, மராட்டி பேசும் ஒரு நகரத்தின் புறநகரான வாகடில் குடியிருந்த நானும் என் கணவரும் அதற்கு எங்கள் பெயரைக் கொடுத்திருந்தோம். இருவரும் ஐ.டி. வேலையில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை.

குழந்தையின் அம்மா பக்கத்துத் தொழில்பேட்டையான சாகணில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கணவன் விட்டுப்போன பிறகு காசநோய் வந்து, வேலையும் வாடகை அறையும் போய்விட்டன. குணமாகி மறுபடி வேலைக்குச் சேர்ந்து, வேறு சில பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். தனியாக ஒரு வீடு பார்க்கும்வரை மகளை அழைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஆகுர்டியில், இந்த ஏற்பாட்டை நடத்தும் தனியார் அமைப்பின் அலுவலகத்தில், இருவரும் சந்திப்பார்கள்.

ஆரம்பத்தில் அதைச் சந்திப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். அம்மா எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். அமைப்பின் சமூகப் பணியாளர், என்னைவிட இளைய மராட்டிப் பெண், ஒரு நாள் அம்மாவின் கையில் சீப்பைக் கொடுத்துவிட்டு என்னை டீ குடிக்க வெளியே கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது குழந்தைக்கு இரட்டைப் பின்னல் போட்டாகியிருந்தது. அதற்குப் பிறகு நான் வெளியே உட்காரத் தொடங்கினேன்.

ஒருமுறை மகளின் பிறந்தநாளுக்கு அந்த அம்மா எங்கள் குடியிருப்புக்கே வந்திருக்கிறாள். எந்த வீட்டில் வேலை செய்கிறாய் என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். சமூகப் பணியாளர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், இப்படிப்பட்ட தனியார் அமைப்புகளுக்கு மாநில அரசு தரும் மானியத்தைக் குறைக்கப்போவதாகத் தகவல் வந்தது. குறைத்தால் முதலில் போவது அந்தச் சமூகப் பணியாளரின் வேலை. அவள் இல்லாமல் சந்திப்பு நடத்தக் கூடாது என்பது விதி. மானியத்தை முடிவு செய்யும் அரசு அதிகாரியைப் பார்க்கப் போகும் குழுவில் நானும் வர வேண்டும் என்று அமைப்பில் கேட்டார்கள். குழந்தையையும் அழைத்து வந்தால் மனு எடுபடும் என்றார்கள். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் பள்ளிச் சீருடைகள்தான்.

"நாம எதுக்குப் போகோணும்?" என்றார். ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அந்தச் சனிக்கிழமை நின்னு போச்சுன்னா அவ இங்கயே இருந்துக்குவா. உனக்கும் அது தெரியும்" என்றார்.

தெரியும் என்றேன். அவள் அவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த சமயம் அது.

அதிகாரி மரியாதையானவர். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அமைப்பின் ஆட்கள் மராட்டியில் பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, இந்த மானியம் உங்களுக்கா வருகிறது என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நின்றுபோனால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்றார்.

நான் தயார் செய்துகொண்டு போனது வேறு. என் அரைகுறை இந்தியில் வாயில் வந்தது இதுதான்.

"எனக்கு நஷ்டம் இல்ல சார், லாபம்தான். அம்மாவைப் பார்க்காம இருந்தா குழந்தை மறந்துடும், எங்ககிட்டயே இருந்துடும். அப்படி ஒரு குழந்தையை வாங்கிக்க நாங்க பேர் கொடுக்கல."

அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் என் குரல் இருந்தது. பக்கத்தில் இருந்த சமூகப் பணியாளர் தலையைக் குனிந்துகொண்டாள். உங்கள் வீட்டிலேயே சந்திக்கலாமே என்று அதிகாரி கேட்டார். வாட்ச்மேன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அதை அவர் குறித்துக்கொண்டார். பிறகு எங்களை அனுப்பிவிட்டார்.

மானியம் குறைந்தது. ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. சமூகப் பணியாளரை அரை நேர வேலைக்கு மாற்றினார்கள். பாதிச் சம்பளத்துக்கு அவள் ஏன் சம்மதித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்துவந்த வேறு சில குடும்பங்களுக்குச் சந்திப்பு நின்றுபோனது. எங்களுடையது நிற்கவில்லை. நான் பேசியதால்தானா என்று எனக்குத் தெரியாது.

மறு வருடம் பரீட்சை முடிந்ததும் குழந்தையை அம்மாவிடம் அனுப்ப உத்தரவு வந்தது. சாகணில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சின்ன வீடு, தகரக் கூரை, வாசலில் தண்ணீர் டிரம். கணவர்தான் காரை ஓட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த அம்மா மராட்டியில் வற்புறுத்தினாள். சோள மாவில் தட்டிய பாக்ரி ரொட்டியும் பருப்பும் போட்டாள். குழந்தை எங்களோடு உட்காரவில்லை. அம்மாவோடு சேர்ந்து எங்களுக்குப் பரிமாறினாள். கிளம்பும்போது கணவரிடம், "அப்பா, ரோடு பார்த்துப் போங்க" என்று தமிழில் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் லாரிகள்.

போன வாரம் ஆகுர்டியிலிருந்து போன் வந்தது. இன்னொரு குழந்தை இருக்கிறதாம். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.