நான் அச்சடித்துக் கொடுத்த சனிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். பணியாளர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதற்கு முன்பு வாசலருகே ஒரு கடிகாரம் இருந்தது. பெண்கள் அட்டையைச் செருகினால் அது நேரத்தைக் குத்திக் கொடுக்கும். மாத முடிவில் அந்த அட்டைகளைப் பெட்டியில் கட்டி ஸ்டோருக்கு அனுப்புவோம். அங்கே கரப்பான்கள் அவற்றைத் தின்னும். யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு கறுப்புக் கோடு போட்ட பிளாஸ்டிக் அட்டை வந்தது. சுவரில் மாட்டிய பெட்டியில் அதை இழுத்தால் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்த அந்த நிமிடம் என் மேசை மேலிருந்த கணினியில் பதிவாகிவிடும்.

அதற்காக மூன்று மாதம் உட்கார்ந்து தட்டினேன். பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கணவன் பெயர், பிள்ளைகள் எத்தனை, எந்த மாதத்தில் பிரசவ விடுப்பு. சாயங்காலம் வீட்டில் கண்ணை மூடினாலும் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. யாருடைய வாழ்க்கையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கக்கூடத் தெம்பில்லை.

வேலை ஓரளவு முடிந்ததும்தான் பார்க்கத் தொடங்கினேன். யார் திங்கட்கிழமைகளில் தாமதம், யார் அடிக்கடி எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுக்கிறார்கள், எல்லாம் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் அவள் உள்ளே வந்த நேரம் மனதில் ஓடும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது நாங்கள் புக்கிட் காத்திலில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில் குடியிருந்தோம். செலண்டார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நானும் அம்மாவும் அங்கே வந்தபோது எங்கள் கட்டிலையும் அலமாரியையும் தன் லாரியில் ஏற்றி வந்து இறக்கியவர் இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒரு அண்ணன். அவருடைய மனைவி எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பகாவ் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். மூன்று பிள்ளைகள், மாமியார், கல்யாணமாகாத இரண்டு கொழுந்தன்மார்கள். இரண்டே அறை உள்ள வீட்டில் எட்டுப் பேர். பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். "பசியாறிட்டியா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருப்பார்.

ஒருநாள் மாலை அந்த அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒங்க கம்பெனில சனிக்கிழம ஓ.டி. இருக்குதானே?"

"இருக்குண்ணே. ஏன்?"

"போன சனிக்கிழம சின்னவனுக்கு நல்ல காய்ச்சல். சொல்லலாம்னு கம்பெனி கேட்டுக்குப் போனேன். காவலுக்கு நிக்கிற ஜாகா உள்ள போன் பண்ணிக் கேட்டுட்டு, அந்தம்மா இன்னிக்கி வரலன்னுட்டான். வீட்டுக்கு வந்தவகிட்ட கேட்டா, வேலைலதான் இருந்தேன், ஜாகாவுக்கு என்னா தெரியும்கிறா."

"ஜாகா பேர மாத்திக் கேட்டிருப்பான்ணே."

"நானும் அதான் நெனச்சேன். ஆனா எங்கம்மா பேச ஆரம்பிச்சிட்டாங்க. நீ கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்தானே லா? ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடும்மா. வாயால சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க."

சரி என்றேன். அக்கா உள்ளே இருந்தார் என்று அந்தத் தாள் சொல்லும், மாமியாரின் வாயை மூடலாம் என்றுதான் உண்மையாகவே நம்பினேன். இப்படி ஒரு தாளைக் கேட்க அவருக்கும் உரிமையில்லை, கொடுக்க எனக்கும் உரிமையில்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் எண்ணைத் தட்டினேன். மூன்று மாதத்துப் பதிவு திரையில் வந்தது. ஆறு சனிக்கிழமைகள் காலியாக இருந்தன. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அவர் வேலைக்கென்று சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. டவுன் பஸ்ஸுக்கு அவர் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் நடந்து போவார்.

அச்சு இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மேலதிகாரி அனுமதிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் எதையும் சொல்லவில்லை. அச்சடித்தேன். இயந்திரம் கரகரவென்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது. மாலையில் அந்தத் தாளை அண்ணன் கையில் கொடுத்தபோது, "ஆறு நாள் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் வீட்டிலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தாள் சும்மா இருக்கவில்லை. மாமியார் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. காலியாக இருக்கும் இடங்களை விரலால் தொட்டுக் காட்டுவாராம். இரண்டு வாரத்தில் ஊர்ப் பேச்சுக்குள் ஒரு ஆண் வந்து சேர்ந்தான். முதலில் டெக்னீஷியன் என்றார்கள், பிறகு சூப்பர்வைசர் என்றார்கள். கோயிலில் அக்கா வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அக்கா பஸ்ஸில் பின் இருக்கைக்குப் போய்விட்டார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீதான் அடிச்சுக் குடுத்தியாம்."

"ஆமாக்கா. ஜாகா தப்பா சொல்லிட்டான்னு காட்டலாம்னுதான்..."

"சரி, விடு. நீ ஒண்ணும் பொய்யா அடிக்கலியே."

அந்தச் சனிக்கிழமைகளில் எங்கே போனார் என்பதை அவரே சொன்னார்.

"செலண்டார் பஸ்ல ஏறுவேன். அங்க பஸ் நிக்கிற எடத்துல ஒரு சீன அம்மா கோப்பிக்கட வச்சிருக்காங்க. குடிக்க ஒரு கிளாஸ் தே ஓ வாங்கிட்டு, பின்னால மேசைல தலய வச்சுத் தூங்குவேன். மூணு மணிக்கு அந்தம்மா எழுப்பி விடுவாங்க. திரும்பி வந்துருவேன்."

"தூங்கவாக்கா?"

"வீட்ல நான் படுத்தா ஒடம்புக்கு என்னான்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லன்னா, அப்ப எந்திரின்னுவாங்க. அங்க என்னைய யாருக்கும் தெரியாது."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். தூங்கறதுக்கு எவளாச்சும் செலண்டாருக்குப் போவாளான்னு அவங்கம்மா கேட்டாங்க. என்னா பதில் சொல்ல? நான் வேலைக்கு வராதது ஒன் மெஷின்ல இருக்கு. தூங்குனது எதுல இருக்கு?"

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஆறு வரிகளை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் மேலதிகாரியிடம், ஒருவருடைய பழைய பதிவை எடுத்துவிட முடியுமா என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் இன்னொரு பிரதி தலைமையகத்துக்குப் போகிறது, இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும் என்றார். அழித்துத்தான் என்ன பயன்? தாள் ஏற்கெனவே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

செலண்டார் கடை எனக்குத் தெரிந்த கடைதான். தோட்டத்தில் இருந்தபோது பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அதன் வாசலில்தான் நிற்போம். கெடுத்தது நான், சரிசெய்ய வேண்டியதும் நான்தான் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போய், "என்கூட செலண்டார் வரைக்கும் வாங்கண்ணே" என்றேன். நான் தனியாகப் போகக்கூடாது என்று அம்மாவும் லாரியில் ஏறிக்கொண்டார்.

கடைக்கார அம்மா கல்லாவுக்குப் பின்னால் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் விசாரித்தேன். நீலச் சட்டை போட்ட தமிழ்ப் பெண், சனிக்கிழமை வருவாரா? அந்த அம்மா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு, "தீடோர் சாஜா" என்றார். தூங்குவாள், அவ்வளவுதான். தனியாகத்தான் வருவாள், பாவம், களைத்துப் போயிருப்பாள், நான் ஒன்றும் கேட்பதில்லை என்று மலாயிலேயே சொல்லிவிட்டுச் சுவரோரத்து மேசையைக் கத்தியால் சுட்டிக்காட்டினார்.

அண்ணன் அந்த மேசையருகே போய் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில் லாரியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"வீட்லயே தூங்கலாமே. யாரு வேணாங்கறது?"

என் அம்மா, "எந்த ரூம்ல தம்பி?" என்று கேட்டார்.

பேச்சு அடங்கிவிட்டது. அண்ணனே சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னார். மாமியாரிடமிருந்து தாளை வாங்கிக் கிழித்துப் போட்டார். சனிக்கிழமைதோறும் மத்தியானம் மருமகள் ஓய்வெடுக்க வேண்டும் என்று வீட்டில் சட்டமே போட்டுவிட்டார்களாம். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

பஸ்ஸில் அக்கா கோபமாகப் பேசவில்லை. கோபப்படவும் தெம்பில்லாதவர் போலத்தான் பேசினார்.

"ஹால்ல பாய் விரிச்சுப் போடறாங்க. பிள்ளைங்களையெல்லாம் வெளிய வெரட்டிடறாங்க. டிவி சத்தத்தக் கொறைக்கிறாங்க. எங்க மாமியா அரமணிக்கு ஒருதரம் வந்து, தூங்கிட்டியான்னு பாக்கறாங்க. கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கேன். தூக்கம் வரல."

"கொஞ்ச நாள்ல பழகிடும்க்கா."

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. சந்தேகம் போச்சு. ஆனா, அந்தக் கடையக் காட்டறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் தங்கச்சி. பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுதுன்னு விட்டிருப்பேனோ என்னமோ."

முதல் தடவை அவர் இல்லாத இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவர் இருந்த இடத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டு முறையும் நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகும் நான் அந்த வேலையில் பல வருடங்கள் இருந்தேன். வெளியாட்களுக்குத் தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் யார் எத்தனை நிமிடம் கழிவறைக்குப் போய்வருகிறார்கள் என்று மேலிடம் பட்டியல் கேட்டபோது அச்சடித்துத்தான் கொடுத்தேன். அது என் வேலை. மறுத்திருந்தால் வேறொருத்தி அச்சடித்திருப்பாள். இந்தச் சமாதானத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அடுத்த வருடம் அண்ணனுக்கு ஜொகூரில் லாரி வேலை கிடைத்தது. குடும்பமே அங்கே போவதாக இருந்தது. அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்தார். நான் அவருடைய பக்கத்தைத் திறந்து கடைசி நாளைப் பதிந்தேன். வேலையை விடுவதற்கான காரணம் கேட்டது கணினி.

"என்னா போடறதுக்கா? வீடு மாறிப் போறதுன்னு போடவா?"

"ஒண்ணும் போடாத."

அந்த இடத்தைக் காலியாக விட்டு அழுத்தினேன். அது ஏற்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். காரணம் தேவை என்று திரையில் வந்தது. அக்கா நின்றுகொண்டே இருந்தார். கீழே அவருக்காக லாரி காத்திருந்தது. பட்டியலின் கடைசிக்குப் போய் 'இதர காரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்றுக்கொண்டது.

"முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிச்சுக்கா."

என் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.