சரக்கு தீர்ந்த கதை

பேருந்துப் பணிமனை வாசலில், வண்டி எடுக்கும் ஓட்டுநர்களை ஊதச் சொல்லிக் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் கருவியோடு இருபது வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு ஊதுகுழல் என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்த பிறகுதான் வாயில் ஊற்றுவார். அந்தப் பெருமையை நாலு பேர் காதில் ஓதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை ஓர் ஓட்டுநர் ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அப்பா தவறி மூணு நாள்தான்ணே ஆகுது."

"மெஷின் ஏமாறும். கண்ணு ஏமாத்தாது."

இறப்புச் சீட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டவரை, காகிதமெல்லாம் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார் நம் உத்தமர்.

பிறகு ஊதுகுழலின் காலில் ஆணி குத்தியது. புண்ணை அலட்சியமாக விட்டதில் காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, ஈறில் ரத்தம் கசிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுத்தார். டாக்டரம்மா அவர் மனைவியிடமும் மச்சானிடமும் பொறுமையாகத்தான் சொன்னார்.

"புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. ஒடம்பு பூரா பொடிப்பொடியா ரத்தம் உறைஞ்சு, ஈரலுக்குப் போற ரத்தம் கொறஞ்சுபோச்சு. அதான் ஈரல் கெட்டிருக்கு. உறைய வைக்கிற சரக்கெல்லாம் அதுலயே தீந்துட்டதால, கசியுற ரத்தம் நிக்கவும் மாட்டேங்குது."

மச்சானின் காது கெட்டிக்காரக் காது. வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். ஈரல், சரக்கு என்ற இரண்டையும் அள்ளிக்கொண்டு நேரே பணிமனைக்குப் போனார். சாயங்காலத்துக்குள், ஊதுகுழல் இருபது வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தது ஊர்ஜிதமாகிவிட்டது. எந்தக் கடையில் வாங்கினார் என்றுகூட ஒருவர் சொன்னார்.

இரண்டு மாதம் இழுபறியாகக் கிடந்து பிழைத்தார். பிழைத்தவருக்கு உயிரைவிடப் பேர்தான் பெரிதாகப் பட்டது. டாக்டரம்மாவிடம் கெஞ்சி, இது குடியால் வந்ததல்ல என்று எழுதி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அதை வாங்கிப் படித்தவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். குடிக்காதவனுக்கு எதற்கு இப்படி ஒரு சீட்டு என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

வரிசையில் முதலில் நின்றவர் அதே ஓட்டுநர். கருவியை வாங்கி ஊதுகுழல் பக்கமே திருப்பினார்.

"மொதல்ல நீங்க ஊதுங்கண்ணே."

ஊதினார். பூஜ்யம். எல்லாரும் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்தார்.

ஓட்டுநர் கருவியைப் பார்க்கவில்லை. இன்னும் மஞ்சள் போகாத அந்தக் கண்களைத்தான் பார்த்தார்.

"மெஷின் ஏமாறும்ணே" என்றார்.

ஊதுகுழலின் கை சட்டைப் பைக்குப் போனது. அன்றைக்கு அந்த ஓட்டுநரின் கையும் இப்படித்தான் போனது என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.