வாசல் கதிரையும் வரவேற்பு வெடியும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும்; பாதியில் மறந்தும் போவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்கப் பயம். ஆனபடியால்தான் எழுதுகிறேன்.

என் தங்கச்சி கொழும்புப் பக்கம் கலியாணம் செய்து போனவள். அந்த உயிர்த்த ஞாயிறு, ஈஸ்டர் பெருநாளன்று, குண்டு வெடித்தபோது தேவாலயத்துக்குள் இருந்தாள். உயிர் தப்பிவிட்டாள். பிறகு புருசனும் நோயில் போய்விட, கோப்பாயில் என்னோடு வந்து இருக்கிறாள். வந்த நாளிலிருந்து ஆட்கள் கூடுகிற எந்தக் கூரைக்குக் கீழும் அவள் கால் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையில் நான் எங்கள் வேதக் கோயிலுக்குள் இருப்பேன். அவள் வெளியே மதிலோடு நின்று பாட்டுக் கேட்பாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு கேட்பாள். ஒருநாளாவது அவள் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே மன்றாட்டு.

அப்படி இருக்கும்போது எங்கள் சனசமூக நிலையத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பழைய வாத்தியார், எல்லோருக்கும் மாஸ்டர்.

"அக்கா, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்ரை நீடித்த பாதிப்பு எண்டு ஒரு கூட்டம் வைக்கிறம். படிச்ச ஆள் ஒருத்தர் வந்து பேசுறார். தங்கச்சி வந்து முன்வரிசையிலை இருந்தாப் போதும்."

"முன்வரிசையிலை இருக்க மாட்டன்," என்றாள் தங்கச்சி, குசினிக்குள் இருந்து. "வாசலுக்குப் பக்கத்திலை கதிரை போட்டா வாறன். கதவு சாத்தக் கூடாது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாறன் என்று சொல்லிவிட்டாளே! மண்டபத்துக்குள் ஒருநாள் இருந்தால் கோயிலுக்குள்ளும் இருப்பாள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

கூட்டத்தன்று போனால், மாஸ்டர் முன்வரிசையில் வெள்ளைத்துணி சுற்றி, றிபன் கட்டி ஒரு கதிரை வைத்திருந்தார். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"விருந்தினரை வாசல்லை இருத்தினா ஊர் என்னைத்தான் சிரிக்கும், பிள்ளை!"

"அப்ப ஊர் சிரிக்கட்டும் மாஸ்டர். நான் வீட்டை போறன்."

கடைசியில் மாஸ்டரே அந்த றிபன் கதிரையைத் தூக்கி வந்து வாசலோடு போட்டார். தங்கச்சி மண்டபத்துக்கு முதுகும் தெருப் படலைக்கு முகமுமாக இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அவளை ஏதோ பொறுப்பான ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தேத்தண்ணி எப்போது என்று கேட்டார். இன்னொருவர் குடையைக் கொடுத்து, "கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றுவிட்டுப் போனார். அவளும் மறுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிரதம விருந்தினராகக் கூப்பிட்ட பெரிய மனுசரைக் காணவில்லை. ஏற்ற அவர்தான் வேண்டும் என்று குத்துவிளக்கு எரியாமல் நின்றது. எழுந்து நின்று மௌன அஞ்சலி செய்தோம். போதும், கதிரையில் இருங்கள் என்று சொல்ல வேண்டிய மாஸ்டர் கண்ணை மூடியபடி நின்றார். மற்றவர்கள் முதலில் இருக்க வெட்கப்பட்டு நின்றார்கள். எனக்குக் கால் உளைந்தது. கடைசியில் யாரோ தும்மினார்கள். அதைச் சாட்டாக வைத்து எல்லோரும் இருந்துவிட்டோம்.

பிறகு பேச்சாளர் தொடங்கினார். மெலிந்த மனுசன், நல்ல குரல். குண்டு ஒருதரம்தான் வெடிக்கும், ஆனால் உடம்பு அதை மறக்காது என்றார். "இதுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன்" என்று தண்ணீர் குடிக்கக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து விருந்தினரின் வாகனம் படலையில் வந்து நின்றது. எங்கள் ஊரில் பெரிய ஆள் வந்தால் மாலையும் வெடியும் இல்லாமல் வரவேற்பு இல்லை. கலியாணத்துக்கும் வெடி, செத்தவீட்டுக்கும் வெடி. எதற்குக் கூட்டம் வைக்கிறோம் என்று மாஸ்டரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வழமை வழமைதான். நீளச் சீனவெடிக் கட்டு ஒன்று மதிலில் தொங்கியது. அதைக் கொளுத்திவிட்டார்கள்.

மண்டபம் முழுக்க நிலத்தில் விழுந்தது. போரில் செல்லடிக் காலத்தைக் கண்ட உடம்புகள் அல்லவா, யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முழங்கால் மடங்காது என்று கோயிலில் கனகாலமாக முழந்தாளிடாத நான், கதிரைக்குக் கீழே சுருண்டு கிடந்தேன். என் தலைக்கு மேல் யாரோ ஒருவரின் செருப்பு. பேச்சாளர் மைக்கோடு மேசைக்குக் கீழே போய்விட்டார். "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று அங்கிருந்து அவர் குரல் நடுங்கி நடுங்கி ஒலிபெருக்கியில் வந்தது.

போச்சு, தங்கச்சி இனி வீட்டுக்கு வெளியிலும் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள், மற்றக் கையில் அந்த ஆளின் குடை. படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவள் அவள் ஒருத்திதானே. வெடி கொளுத்துகிறவனை முதலே கண்டுவிட்டாள்.

"சீனவெடி! வெறும் சீனவெடி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு கீழே குனிந்து, "அக்கா, எழும்பு. பிரதம விருந்தினர் வந்திட்டார். எழும்பி வணக்கம் சொல்லு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. அழுகையும் அதற்குள் கொஞ்சம் இருந்திருக்கும்.

விருந்தினர் வந்தார் என்று சொல்லவும் முடியாது. ஒரு காலை நிலத்தில் வைத்தவர், வெடிக்கு அதை உள்ளே இழுத்துக்கொண்டு வாகனத்தைத் திருப்பச் சொல்லிவிட்டார். மாலை மிஞ்சிப் போனது. மாஸ்டர் வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு அதைத் தங்கச்சியின் கழுத்தில் போட வந்தார்.

"நான் செத்தாப் பிறகு போடுங்கோ மாஸ்டர். அண்டைக்கும் வெடி மட்டும் வேண்டாம்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பேச்சாளர் பேச்சை அதோடு நிறுத்திவிட்டார். மாலை அவருக்குப் போனது. வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். குடைக்காரர் வந்து குடையை வாங்கிக்கொண்டு, "கூட்டம் திறம். செய்முறை விளக்கமும் வைச்சது இன்னும் திறம்" என்று மாஸ்டருக்குக் கை கொடுத்தார். மாஸ்டரும் "ஓம், ஓம்" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் சீலை உடுத்து வெளிக்கிட, அவள் படலையில் எனக்கு முதல் நின்றாள். கோயிலடியில் வழமையான மதிலைத் தாண்டி உள்ளே வந்து, கடைசி வரிசை வாங்கில், வாசலோடு இருந்தாள். நானும் என் இடத்தை விட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்னடி, பயமில்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"பயம்தான். நான் வாசலைப் பாக்கிறன். நீங்கள் எல்லாரும் கண்ணை மூடிச் செபியுங்கோ. ஏதும் எண்டாச் சொல்லுறன்."

இப்போதும் அப்படித்தான். நாங்கள் கண்ணை மூட, அவள் திறந்து வைத்திருப்பாள்.

ஒன்றில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அன்றைக்கு முதலில் மேசைக்குக் கீழே போனது பேச்சாளர் என்று நான் சொல்கிறேன். இல்லை, மாஸ்டர்தான் முதலில் போனார், பேச்சாளர் அவருக்கு மேல் விழுந்தார் என்கிறாள் அவள். நின்று பார்த்தவள் அவள். ஆனால் சிரிப்பில் அவளுக்கும் கண் தெரிந்திராது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், சரி பிழை பார்த்துத் திருத்திவிடுங்கள். மாஸ்டரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.