ஸ்பேசரைக் கழற்றியவர்

எங்கள் சிலிபின் வட்டாரத்து டயர் கடைக்காரர் ஒல்லியான மனிதர். கண்ணுக்குக் கீழே எப்போதும் தூக்கம் தொங்கும். எந்தக் கார் வந்தாலும் முதலில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் எங்கள் பழைய காரில் தினமும் நான்கு பெண்களை ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போவார். சக்கரம் வெளியே தள்ளித் தெரிந்தால் அழகு என்று, உள்பக்கம் ஸ்பேசர் என்ற கனத்த தட்டை வைக்கச் சொல்லியிருந்தார். ஒரே மாதத்தில் சக்கரம் முனக ஆரம்பித்தது. டயர் கடையில் காரையும் என்னையும் விட்டுவிட்டு அவர் எதிர்க்கடைக்குக் கோப்பி குடிக்கப் போனார்.

கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, ரப்பர் தோட்டத்துல பால் வாளி தூக்குனவங்கதானே? ஒடம்போட ஒட்டித் தூக்குனா?”

“தூக்கிடலாம்.”

“கைய நீட்டித் தூக்குனா?”

“தோள்பட்ட போயிரும்லா.”

“சக்கரமும் அப்படித்தான். வெளிய தள்ளிட்டா பேரிங் தாங்காது. நட்டும் எட்டுச் சுத்து புடிக்கணும்; நடுவுல தட்டு இருந்தா அவ்வளவு புடிக்காது, ஓட்டத்துலயே சக்கரம் கழண்டுரும். எண்ணிப் பாருங்க.”

நானே திருகிப் பார்த்தேன். மூன்று சுற்றுதான். எனக்கு எழுத்து வராது, கணக்கு தப்பாது. அந்த நான்கு பெண்களின் முகமும் கண்முன் வந்து நின்றது.

“கழட்டுங்க. அவருக்கு நான் சொல்லிக்கிறேன்.”

கழற்றி மூலையில் போட்டார். அங்கே அதுபோல் ஒரு குவியலே கிடந்தது.

“இதெல்லாம் யாரு மாட்டுனது?”

“நான்தான்” என்றார் அலுப்போடு. “உங்களுதும் நான்தான். நான் மாட்டலன்னா அண்ணே வேற கடைக்குப் போவாரு. அங்க உங்களக் கூப்பிட்டு யாரு எண்ணச் சொல்லுவா?”

அவரைத் திட்டியிருக்க வேண்டுமா, கும்பிட்டிருக்க வேண்டுமா என்பது இத்தனை வருசமாகியும் எனக்கு விளங்கவில்லை.